முத்துலட்சுமி படித்த வீடு



ஊர்ல ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கம் போனீங்கன்னா ஒரு பெயர் கண்ணில் படும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். உங்க அக்காவோ அண்ணியோ அதுக்காக ஃபாரம் நிரப்பியிருக்கலாம். 2019 ஜூலை 30 அன்னிக்கு கூகுளைத் திறந்தவங்க அவர் படத்தை டூடுலில் பார்த்திருப்பீங்க. பெயர் எல்லோருக்கும் தெரியும். இந்தியாவின் முதல் பெண் டாக்டர் என்று ஜி.கே. புத்தகத்தில் ஒரு வரியும் மனப்பாடம் பண்ணியிருப்போம். அந்த வரி தப்பு. 1886-லேயே வங்காளத்துக் காதம்பினி கங்குலியும் மராட்டியத்து ஆனந்திபாய் ஜோஷியும் மருத்துவம் படித்து முடித்துவிட்டார்கள். முத்துலட்சுமி பிறந்ததே அந்த வருஷம்தான்!

அப்போ அவரோட பெருமை எதுல இருக்கு? அவர் டாக்டர் ஆனதுக்கு முன்னாடி நடந்த கதையைப் பார்த்தால்தான் அது புரியும். 13 வயசில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பொண்ணு, வீட்டுக்குள்ளேயே படிச்சு, பல்கலைக்கழகத் தேர்வு எழுதி, ஆம்பளைப் பசங்க மட்டும் படிச்ச கல்லூரிக்குள் நுழைந்த கதை அது. இன்னிக்கு ஹோம்ஸ்கூலிங் என்று புதுசா பேசுறாங்களே, அதை 120 வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் ஒரு அப்பா செய்து பார்த்திருக்கிறார்.

ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு ஊர்

புதுக்கோட்டை அன்றைக்குத் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம். அங்கே மகாராஜா கல்லூரி என்று ஒன்று இருந்தது. இன்றைக்கு மன்னர் கல்லூரி என்று நாம் சொல்கிறோமே, அதேதான். அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் எஸ். நாராயணசாமி ஐயர். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வாழ்க்கைத்துணையாக ஏற்றுக்கொண்டது தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளை. இதற்காக அவருடைய உறவுக்காரர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். இந்த இருவருக்கும் 1886 ஜூலை 30-இல் பிறந்தவர் முத்துலட்சுமி.

இப்போ கொஞ்சம் அந்தக் காலத்துக்குப் போய் யோசிச்சுப் பாருங்க. அப்பா படிச்சவர், ஊரில் மதிப்புள்ளவர். அம்மாவின் மரபைச் சொல்லி ஊர் பேசும். பிறந்தது பெண் குழந்தை. அந்த மரபில் பிறந்த பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் சட்டப்படியே நடந்துகொண்டிருந்த நேரம். மற்ற வீட்டுப் பெண்களுக்கோ பத்துப் பன்னிரண்டு வயசுக்குள் கல்யாணம். பெண் படித்து என்ன செய்யப் போகிறாள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. அந்தக் கேள்வி தப்பு என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

நாராயணசாமி ஐயர் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அன்றைக்கு அதுவே பெரிய விஷயம். ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். அவரும் ஆரம்பத்தில் ஒரு எல்லை போட்டுத்தான் அனுப்பினார். இன்னின்ன பாடம் போதும் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருந்தார். சின்னப் பொண்ணு படித்த வேகத்தைப் பார்த்த ஆசிரியர்கள்தான் அந்த எல்லையைத் தாண்டி, அப்பா சொல்லாத பாடங்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த இடம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு முடியும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் கல்லூரி முதல்வரான அப்பா கிடையாது, வகுப்பில் பாடம் நடத்திய வாத்தியார்கள். அந்த அப்பாவின் நல்ல குணம், அது தெரிந்த பிறகு கதவைச் சாத்தவில்லை. தன் கணக்கை மாற்றிக்கொண்டார். பிள்ளையைத் தயார் செய்வதற்கு முன்னால் தன்னைத் தயார் செய்துகொண்டார் என்றுதான் சொல்லணும்.

13 வயசில் நின்ற பள்ளிக்கூடம்

முத்துலட்சுமி பெரிய பெண் ஆனதும் பள்ளிக்கூடம் நின்றது. ஊர் வழக்கம் அது. அதை மீற அப்பாவாலும் முடியவில்லை. சந்திரம்மாள் மாப்பிள்ளை பார்க்கலாம் என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்வது சுலபம். ஆனால் தன் மரபுப் பெண்களுக்கு என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர் அவர். மகளை ஒரு மரியாதையான வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டால் போதும் என்று அவர் நினைத்ததில் ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. மகளின் ஆசை வேறாக இருந்தது. அவருக்குப் படிக்கணும்.

அங்கிருந்துதான் வீட்டுப் பாடம் தொடங்கியது. அப்பாவே சொல்லிக் கொடுத்தார். ஆசிரியர்களும் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்தார்கள். இலக்கு தெளிவாக இருந்தது: சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வு. இன்றைக்குப் பத்தாம் வகுப்பு மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைவிட ரொம்பக் கஷ்டம். கல்லூரிக்குள் போக அது ஒன்றுதான் சாவி. நிறைய பசங்க பல தடவை எழுதியும் தேறாத தேர்வு அது. நம்ம பாஷையில் சொன்னா, அரியர் விழாமல் தப்பிப்பதே சாதனை.

கூடப் படிக்க ஆள் இல்லை. சந்தேகம் கேட்கப் பக்கத்து பெஞ்ச் இல்லை. லேப் இல்லை. மத்தவங்க எவ்வளவு மார்க் எடுக்குறாங்கன்னு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. கொரோனா காலத்தில் நாம ஆன்லைன் கிளாஸில் உட்கார்ந்தபோதே நமக்கு எப்படி இருந்ததுன்னு நினைச்சுப் பாருங்க. நமக்கு வாட்ஸாப் குரூப்பாவது இருந்தது. அவருக்கு இருந்தது அப்பாவும், வந்துபோன ஆசிரியர்களும், புத்தகங்களும்தான். 1902-இல் முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் தேறினார்.

வீட்டால் முடியாதது

இத்தோட கதை முடிஞ்சிருந்தா, கெட்டிக்காரப் பொண்ணு வீட்டிலேயே படிச்சு பாஸ் பண்ணிச்சு என்ற ஒரு வரியோட போயிருக்கும். ஊரும் அப்படித்தான் எதிர்பார்த்தது. ஆனால் முத்துலட்சுமி, அப்பா முன்பு முதல்வராக இருந்த அதே மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பெண் என்பது ஒரு காரணம். ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர்கள் சொன்னார்கள். அம்மாவின் மரபும் பேச்சில் அடிபட்டது. அப்போது இருந்த முதல்வரும் ஆதரவாக இல்லை. மகளுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக் கொடுக்க நாராயணசாமி ஐயரால் முடிந்தது. கல்லூரி வாசலைத் திறக்க அவரால் தனியாக முடியவில்லை.

திறந்தவர் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். எதிர்ப்புகளைத் தள்ளிவிட்டு அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவு போட்டார், உதவித்தொகையும் கொடுத்தார். இதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. இந்த மன்னர் பட்டத்துக்கு வந்ததும் முத்துலட்சுமி பிறந்த அதே 1886-இல்தான். அப்போது அவர் சின்னப் பையன். அவரும் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. ஆங்கிலேய ஆசிரியர் ஒருவரை வைத்து அரண்மனையிலேயே பாடம் படித்தவர். ராஜா வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுப் பாடம் என்றால் அது கௌரவம். முத்துலட்சுமிக்கு அது வேறு வழியில்லாமல் வந்த ஏற்பாடு. ஒரே முறைதான், ஆனால் யாருக்கு வாய்க்கிறது என்பதைப் பொறுத்து அதன் அர்த்தமே மாறிவிடுகிறது.

1904-இல் முத்துலட்சுமி கல்லூரிக்குள் போனார். கல்லூரி முழுக்க ஒரே மாணவி. திரை போட்ட வண்டியில் வருவார். வகுப்பிலும் பையன்கள் கண்ணில் படாதபடி மறைப்புக்குப் பின்னால் உட்காருவார். கல்லூரிக்குள் போன பிறகும் தனியாகத்தான் படித்தார். ஆனாலும் பேராசிரியரின் குரல் நேராகக் காதில் விழுந்தது, எல்லோரும் எழுதும் அதே பரீட்சையை அவரும் எழுதினார், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டார். எஃப்.ஏ. என்ற அந்த இரண்டு வருஷப் படிப்பை முடித்தார்.

புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. அவருக்கு முன்பே அங்கே பெண்கள் படித்திருக்கிறார்கள். 1870-களிலேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அங்கே மருத்துவம் படித்தார். ஆனால் புதுக்கோட்டை மாதிரி ஒரு ஊரிலிருந்து, இந்தப் பின்னணியோடு ஒரு பெண் வருவது புதுசு. உடம்பும் அவருக்கு அவ்வளவு பலம் இல்லை. அப்படியிருந்தும் அறுவை சிகிச்சைப் பாடத்தில் முதலிடம், பதக்கம். 1912-இல் பட்டம் வாங்கி, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார். முதல் பெண் டாக்டர் என்ற தப்பான வரியை அடித்துவிட்டு இதை எழுதிக்கலாம்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு கல்யாணம். தன்னைச் சமமாக நடத்தணும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார். அடுத்த பன்னிரண்டு வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்த இடம் சென்னை மாகாணச் சட்டமன்றம். 1926-இல் நியமிக்கப்பட்டு, அந்த அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான்.

அங்கே அவர் கையில் எடுத்தது தேவதாசி முறை ஒழிப்பு. தன் அம்மாவைப் பயப்பட வைத்த அதே விஷயம். எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, பெரிய தலைவர்களும் இருந்தார்கள். அந்த மரபைச் சேர்ந்த பெண்களில் ஒரு பகுதியினரே, எங்கள் பிழைப்பும் கலையும் சொத்துரிமையும் என்ன ஆகும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது, அதைப் பற்றிய விவாதம் இன்றுவரை ஆய்வாளர்களிடையே ஓடுகிறது. முத்துலட்சுமியின் கவலை முழுக்க, வயசு வராத பெண் குழந்தைகளைப் பற்றி இருந்தது. 1929-இல் சட்டத்தின் முதல் படி நிறைவேறியது. பொட்டுக்கட்டுவதை முழுசாகத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வர 1947 ஆனது. நடுவில் 1930-இல், காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்துத் தன் சட்டமன்றப் பதவியையே அவர் விட்டுவிட்டார்.

வீடே பள்ளிக்கூடம் ஆன இரண்டாவது தடவை

அதே 1930-இல்தான் இந்தக் கதையின் அடுத்த திருப்பம். தேவதாசி வாழ்க்கை வேண்டாம் என்று வெளியே வந்த இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைத் தங்கவைத்துப் படிக்க வைக்க அவர் மாணவியர் விடுதிகளில் கேட்டுப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை. அவர்கள் பிறந்த குலத்தைக் கேட்டதும் கதவு மூடிக்கொண்டது. சரி, இங்கேயே இருங்கள் என்று தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். இன்றைக்கும் அடையாறில் இருக்கிறது, பள்ளிக்கூடமும் நடக்கிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. முத்துலட்சுமிக்குப் பள்ளிக்கூடம் மூடியபோது வீடு பள்ளிக்கூடமாக மாறியது. காரணம், அப்பா கல்லூரி முதல்வர். இந்தப் பெண்களுக்கு அப்படி ஒரு அப்பா இல்லை. சிலருக்கு வீடே இல்லை. அதனால் அவர் ஒரு பள்ளிக்கூடத்தை வீடாக மாற்றினார். தன் அப்பாவிடம் வாங்கிய கடனை அவர் இப்படித் திருப்பிக் கொடுத்ததாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வலி அவரை விடவே இல்லை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அப்போது அவருக்கு வயசு 67. 1956-இல் பத்மபூஷண் விருது. 1968 ஜூலை 22-இல் மறைந்தார்.

இதுல நமக்கு என்ன?

இன்னிக்கு நல்லா படிக்கிற பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாமான்னு யோசிக்கிற அப்பா அம்மா நம்ம ஊர்லயும் இருக்காங்க. வகுப்பில் மற்றவர்கள் ஐந்தாவது பாடத்தில் இருக்கும்போது இந்தப் பிள்ளை அடுத்த வருஷப் புத்தகத்தை முடித்திருக்கும். போர் அடிக்கும், குறும்பு பண்ணும், ஆசிரியரிடம் திட்டு வாங்கும். அந்த அப்பா அம்மாவின் கவலை நிஜமானது. இன்னும் கொஞ்ச வருஷத்தில் நம்மில் சிலரும் அந்த இடத்தில் இருப்போம்.

அவங்களுக்கு இந்தக் கதையிலிருந்து சொல்ல மூணு விஷயம் இருக்கு.

முதலாவது, வெளியே போகும் வாசலை முதலிலேயே பார்த்து வையுங்கள். நாராயணசாமி ஐயர் வீட்டுப் பாடத்தின் முடிவில் மெட்ரிகுலேஷன் இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வும், தனித்தேர்வர் வழியும் இருக்கின்றன. ஆனால் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயசு ஆகணும். பிள்ளை 11 வயசிலேயே பாடத்தை முடித்துவிட்டால் நடுவில் இருக்கும் மூணு வருஷத்துக்கு என்ன திட்டம் என்று கேட்டுக்கொள்ளணும். அவசரப்பட்டு ஓடினால் மூடிய கேட்டுக்கு முன்னால் நிற்க வேண்டிவரும்.

இரண்டாவது, அப்பா ஒருவரே எல்லாம் ஆகிவிட முடியாது. இங்கிலாந்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற சிந்தனையாளர் இருந்தார். 1806-இல் பிறந்தவர். அவர் அப்பா அவரை வீட்டிலேயே படிக்க வைத்தார். 3 வயசில் கிரேக்கம், 8 வயசில் லத்தீன். மற்ற பிள்ளைகளோடு பழக விடவில்லை. பெரிய மேதையாக வந்தார், உண்மைதான். ஆனால் 20 வயசில் எதிலும் மகிழ்ச்சியே இல்லாமல் மனசு உடைந்து போனார். அதைப் பிற்பாடு அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். முத்துலட்சுமி வீட்டுக்கு மற்ற ஆசிரியர்களும் வந்தார்கள். அப்பா போட்ட எல்லையைத் தாண்டத் துணிந்த ஆசிரியர்கள் அவருக்கு அதற்கு முன்பே கிடைத்திருந்தார்கள். பிள்ளையைப் பற்றி அப்பா அம்மாவுக்குத் தெரியாதது மற்றவர்களுக்குத் தெரிய வாய்ப்பு இருக்கிறது. அதற்கு இடம் விட்டு வைக்கணும்.

மூணாவது, கல்லூரி கிடைத்த நாளே அவர் வீட்டுப் பாடத்தை விட்டு வெளியே வந்தார். மறைப்புக்குப் பின்னால் தனியாக உட்கார வேண்டியிருந்தும் வந்தார். வீட்டில் கிடைக்காத ஒன்று அங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அப்பாவும் மகளை விட்டார். என் பிள்ளைக்கு நானே போதும் என்று நினைத்திருந்தால் நமக்கு அவ்வை இல்லமும் இல்லை, அடையாறு மருத்துவமனையும் இல்லை.

கடைசியா ஒண்ணு, இது நமக்கு. நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. நமக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. ஆனால் ஊரில் தங்கச்சியோ, பக்கத்து வீட்டுப் பையனோ இப்போ எட்டாவதோ ஒன்பதாவதோ படிச்சிட்டு இருப்பாங்க. படிப்பில் வேகமாக இருந்தும், அதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருக்கலாம். கல்யாணப் பேச்சோ, வேலைக்கு அனுப்பலாம் என்ற பேச்சோ வீட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். நாராயணசாமி ஐயர் இருந்த இடத்தில் அந்த வீட்டில் இன்னிக்கு நீங்கதான் இருக்கீங்க. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது போனை கொஞ்சம் ஓரமா வச்சிட்டு, அவங்க நோட்டை வாங்கிப் பாருங்க. எந்தப் பாடத்தில் எல்லையைத் தாண்டி நிக்குறாங்கன்னு தெரியும். அதைப் பார்த்த பிறகு வீட்டில் அப்பா அம்மாகிட்ட உட்கார்ந்து பேசுங்க. அடுத்த வாசல் எதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க.